முழங்கை

வத்தல்மலை
22.9.2024

கதிர்,

உன் அம்மா எதிரில் "என்னங்க, வாங்க" என்று கூப்பிட்டே நாக்கு தேய்ந்துவிட்டது. கடிதத்திலாவது கல்லூரியில் கூப்பிட்டபடி நீ, வா, போ. கோபித்துக்கொள்ளாதே.

ஏன் திடீரென்று கடிதம் என்று யோசிப்பாய். போன வாரம் சிக்னல் தேடிக் கொண்டை ஊசி வளைவு வரை இறங்கிப் போய் உனக்குப் போன் செய்தேன். தூறல் வேறு. ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். நான் பேசிக்கொண்டே இருந்தேன், நீ "ம்" என்றாய். சாப்பிட்டாயா என்றால் "ம்". என் ஞாபகம் இருக்கிறதா என்றால் அதற்கும் "ம்". ஒரு "ம்"முக்காக யாராவது மழையில் மலையிறங்குவார்களா? எழுது. எழுதும்போது எதிரில் ஆள் இருக்காது, உனக்குச் சுலபமாக இருக்கும்.

பள்ளிக்கூடம் எப்போதும்போல. தற்காலிக ஆசிரியை என்பதால் எல்லா வேலையும் என் தலையில். பிள்ளைகளுக்கு உன்மேல்தான் கண். "டீச்சர், உங்க வூட்டுக்காரர் நெசமாவே கதவவிட ஒசரமா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றேன். "அப்ப எப்படித் தூங்குவாரு?" எனக்கும் மறந்துவிட்டது என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு விளையாடும் குருவின் மனைவி சசிகலா பேசினாள். இந்த வருடம் உங்கள் அலுவலகப் பாஸ்கெட்பால் அணியில் வளையத்துக்குக் கீழே நிற்கும் ஒரே ஒரு சென்டருக்குத்தான் வேலை நிரந்தரம் ஆகுமாம். நீ, இல்லையென்றால் குரு. அவள் கள்ளமில்லாமல்தான் சொன்னாள்: "உங்க வூட்டுக்காரர் முட்டவே மாட்டேங்கறாராம்க்கா. கோச் தெனமும் திட்டறாராம்."

கதிர், வேலை நிரந்தரமானால் குடியிருப்பில் வீடு. வீடு கிடைத்தால் நான் வருவேன். போன தை மாதம் கல்யாணம். அதற்குப் பிறகு நாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு உங்கள் பாஸ்கெட்பாலில் பாதி விதி தெரியாது. ஆனால் வளையத்துக்குக் கீழே நிற்பவன் இடத்தை விட்டுக்கொடுத்தால் பந்து வராது என்பது எனக்கே தெரிகிறது. முட்டு. தள்ளு. உனக்காக முடியாதென்றால் எனக்காகத் தள்ளு.

பானு

•

சென்னை
1.10.2024

பானு,

உன் கடிதம் வந்தது. அறையில் நாலு பேர். அதனால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். இதையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

சசிகலா சொன்னது உண்மை. நேற்று நஞ்சப்பன் சார் பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏன்டா கதிரவா, நீ ஆறடி எட்டு அங்குலம் வளந்தது எதுக்குடா? ஆஸ்டல்ல பல்பு மாத்தவா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததற்கும் திட்டினார்.

அவர் கோபம் நியாயமானதுதான். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்காக எல்லோரும் எம்பும்போது யார் மேலாவது என் கை பட்டால் "சாரிண்ணா" என்று வாயில் வந்துவிடுகிறது. எதிரணி ஆளிடமும் சொல்கிறேன். போன ஆட்டத்தில் ஒருவன் என் மேல் மோதிக் கீழே விழுந்தான். பந்தை விட்டுவிட்டு அவனைக் கைகொடுத்துத் தூக்கினேன். தூக்கி முடிப்பதற்குள் அவன் ஆட்கள் பந்தை எடுத்துப்போய் அந்தப் பக்கம் போட்டுவிட்டார்கள்.

வேண்டுமென்று செய்வதில்லை. சின்ன வயதிலிருந்தே "பாத்துப் போடா, யாரையாவது மிதிச்சிடாத" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பஸ்ஸில் குனிந்து நின்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சு. கல்யாண வீட்டில் சுவரோரம். ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவின் செருப்பு எனக்குச் சரியாக இருந்தது. போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அம்மா பார்த்தாள். உடனே உள்ளே போய்விட்டாள்.

குரு அண்ணன் நல்லவர். பயிற்சியில் நான் முட்ட வேண்டியது அவரைத்தான். "முட்டுடா, என் முட்டி ஒண்ணும் கண்ணாடி இல்ல" என்பார். பயிற்சி முடிந்ததும் அந்த முட்டியில் ஐஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார். பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்ப்பவன் நான்.

இங்கே காலையில் தெருத்தெருவாக ஓடுவோம். ஓர் இடத்தில் ஏதோ ஒரு வீட்டிலிருந்து பால் காய்ச்சும் வாசனை வரும். எந்த வீடு என்று தெரியாது. அந்த இடத்தில் மட்டும் மெதுவாக ஓடுகிறேன்.

நீ "எனக்காக" என்று எழுதியிருக்கிறாய். முயற்சி செய்கிறேன்.

கதிரவன்

•

வத்தல்மலை
20.10.2024

கதிர்,

உன் பால் வாசனையைப் படித்துக்கொண்டிருந்ததில் என் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. சந்தோஷம்தானே?

நீ இத்தனை எழுதுவாய் என்று நினைக்கவில்லை. கடிதத்தை நோட்டுத் திருத்தும் மேசையில் வைத்திருந்தேன். தலைமையாசிரியை அமுதவல்லி மேடம் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல லெட்டரா?" என்று சிரித்தார். "ஆமாங்க மேடம், எங்க வூட்டுக்காரர் பேச மாட்டார், எழுதுவார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

இப்போது மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிறது. காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரம், பள்ளிக்கூடக் கொடிக்கம்பம் எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அதற்குள் யாராவது நடந்து வந்தால் உயரம் மட்டும்தான் முதலில் தெரியும். இரண்டு தடவை ஏமாந்தேன். ஒரு தடவை மிளகுக் கொடிக்கு ஏணி தூக்கிக்கொண்டு வந்த ஆள்.

நீ விட்டுப்போன நீலச் சட்டையைத் துவைக்கவில்லை. போதும், இதற்கு மேல் எழுதினால் எனக்கு வெட்கம்.

ஒன்று கேட்கிறேன். உன் அப்பாவைப் பற்றி நீ என்னிடம் பேசியதே இல்லை. இறந்துவிட்டார் என்பது மட்டும்தான் தெரியும். செருப்பைப் பற்றி எழுதிவிட்டு நிறுத்திவிட்டாய். மேலே எழுதலாமே.

பானு

•

சென்னை
12.12.2024

பானு!

மழையில் அரூர்ப் பக்கம் வெள்ளம் என்று செய்தியில் பார்த்ததும் பயந்துவிட்டேன். உன் அப்பா வயலில் தண்ணீர் வடிந்ததா? மரவள்ளி தப்பித்ததா? மறக்காமல் எழுது.

இங்கே ஒன்று நடந்தது. அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. லீக் ஆட்டத்தில் குரு அண்ணனுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. என்னை இறக்கினார்கள். எதிரணி சென்டர் என்னைவிடக் கனமானவன். என் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு இடுப்பால் என்னைத் தள்ளிக்கொண்டே வந்தான். எப்போதும் நான் ஒரு அடி பின்னால் போவேன், அவன் திரும்பி எளிதாகப் போடுவான். அன்று நான் நகரவில்லை. நான் செய்தது அவ்வளவுதான் பானு. நகரவில்லை. அவனுக்கே ஆச்சரியம். திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு என்னவோ திறந்துகொண்டது. மேலே போன பந்தெல்லாம் எனக்கு என்று தோன்றியது. முழங்கையை விரித்து இடம் பிடித்தேன். இடித்துக்கொண்டு போனேன். "சாரி" வாயில் வரவேயில்லை. இத்தனை வருடமாக இந்த உடம்பை மடித்து மடித்து வைத்திருந்திருக்கிறேன். அன்றுதான் முழுதாகப் பிரித்தேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது, வியர்வை என்று துடைத்துக்கொண்டேன். நஞ்சப்பன் சார் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் பாட்டிலை யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இப்போது ஆட்டம் தொடங்கும்போதே நான்தான் இறங்குகிறேன். குரு அண்ணன் பெஞ்சிலிருந்து கைதட்டுகிறார். தினமும் முழங்கைப் பயிற்சி. விசில் ஊதினால் கை விரிய வேண்டும், யோசிக்கக்கூடாது.

ஒரே ஒரு விஷயம். கோர்ட்டை விட்டு வந்த பிறகும் அது உடனே போவதில்லை. நேற்று மின்ரயிலில் ஒருவன் பின்னாலிருந்து இடித்தான். நான் நினைப்பதற்குள் என் தோள் திரும்பிவிட்டது. அவன் பயந்து தள்ளி நின்றான். போகப் போகச் சரியாகிவிடும்.

அப்பாவைப் பற்றி நீ கேட்டதை நேரில் பேசுகிறேன். பொங்கலுக்கு விடுமுறை. நேராகப் பென்னாகரம் அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நீயும் போகியன்றே இறங்கி வந்துவிடு. வேலை நமக்குத்தான். மனதில் வீட்டுக்குத் திரைச்சீலை போட ஆரம்பித்துவிடு.

உன் கதிர்

•

வத்தல்மலை
26.1.2025

கதிரவனுக்கு,

கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். நீ எழுதுவாய் என்று பார்த்தேன். எழுதவில்லை. போனை எடுக்கவில்லை. சரி.

காணும் பொங்கல் அன்று மதியம் நடந்ததில் நீ பாதிக்குத்தான் இருந்தாய். அதனால் முழுதாக எழுதுகிறேன். படி.

கறிச்சோறு சாப்பிட்டோம். உள்ளறையில் பாய் போட்டுப் படுத்தோம். நீ படுத்ததும் தூங்கிவிட்டாய். நான் உன் கைக்குள் தலை வைத்துத் தூங்காமல் படுத்திருந்தேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு. வெளியே தெருவில் கபடிப் போட்டிக்கு விசில் ஊதினார்கள். தூக்கத்திலேயே உன் உடம்பு விறைத்தது. முழங்கை வந்தது. என் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. நான் கத்தினேன், நீ எழுந்து உட்கார்ந்து "பானு, பானு" என்றாய். உதட்டுக் காயத்தில் ரத்தம் அதிகமாகத்தான் தெரியும். அத்தை ஓடிவந்தார்கள். என் வாயைப் பார்த்தார்கள், உன் கையைப் பார்த்தார்கள்.

"நீயுமாடா?" என்றார்கள்.

உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வாயில் துணியை வைத்துக்கொண்டு "இல்லீங்கத்தை, தூக்கத்துல" என்று நான் சொல்வதற்குள் நீ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய். மருந்துக்கடைக்குப் போகிறாய் என்று நினைத்தேன். பஞ்சும் மருந்தும் கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். நீ அதற்குள் பஸ் ஏறிவிட்டாய்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கு வந்தேன். "என்ன பானு உதட்டுல?" என்று அமுதவல்லி மேடம் கேட்டார். "தூக்கத்துல அவர் கை பட்டுடுச்சுங்க மேடம்" என்றேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு எதையோ பேச ஆரம்பித்தார்கள். மதியம் மேடம் தனியாகக் கூப்பிட்டு ஒரு பெண்கள் உதவி எண்ணை எழுதிக் கொடுத்தார். "எப்ப வேணாலும் கூப்புடலாம், பேர் சொல்ல வேண்டியதில்ல" என்றார். நல்ல மனுஷி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டுப் பொய் சொன்னவள்போல நின்றேன். அடி வாங்குகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தையாக அது இருக்கிறது, கதிர். எனக்கு வேறு வார்த்தை இல்லை.

அரூரிலிருந்து அப்பா வந்தார். யார் சொன்னார்களோ. உதட்டைப் பார்த்தார். அவரிடமும் அதையே சொன்னேன். சாப்பிடாமல் போய்விட்டார்.

உதடு ஆறிவிட்டது. நீ இருந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லியிருக்கலாம். தனியாகச் சொல்லும்போது அது பொய்யாகிவிடுகிறது.

பானுமதி

•

சென்னை
4.2.2025

பானு,

அப்பாவுக்கு என் உயரம். தவறு. எனக்கு அவர் உயரம்.

நீ கேட்டபோதே எழுதியிருக்க வேண்டும். குடிக்கக்கூட மாட்டார். குடித்துவிட்டு அடித்தார் என்றாவது சொல்லிக்கொள்ளலாம், அதுவும் இல்லை. அம்மா அடுப்பில் வேலையாக இருந்தாலும் ஒரு கண் கதவின்மேல் இருக்கும். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. இன்றும் நான் வாசலில் நுழையும்போது என் நிழல் உள்ளே விழுந்தால் அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். நான்தான் என்று தெரிந்த பிறகு மறுபடி எடுப்பாள். நீ கவனித்திருக்க மாட்டாய்.

அதனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு அந்த வீட்டில் நிற்க முடியவில்லை. உன்னை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதே பஸ் தர்மபுரி வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பி வரத் தைரியம் இல்லை.

டிசம்பரில் என்னவோ திறந்துகொண்டது என்று எழுதினேனே. திறந்து வந்தது அவர்தானோ என்று நினைக்கிறேன்.

இப்போது நான் முட்டுவதில்லை. சாரிடம் தோள் வலி என்று சொல்லிவிட்டேன். முட்டியில் பட்டை போட்டுக்கொண்டு குரு அண்ணன்தான் இறங்குகிறார். நான் பெஞ்சில். தூங்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக் கையை உடம்புக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். காலையில் மரத்துப்போயிருக்கும். வேலை போனால் போகட்டும்.

ஒன்று மட்டும் சொல். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மாற்றிச் சொல்லாதே. அன்று என்னைப் பார்த்துப் பயந்தாயா?

கதிரவன்

•

பென்னாகரம்
16.2.2025

கதிர்,

பயந்தேன்.

நீ கேட்டதால் சொல்கிறேன். வலியில் மூடிய கண்ணைத் திறந்தபோது உன் முகம் மேலே இருந்தது, கூரையை மறைத்துக்கொண்டு. அது யார் முகம் என்று எனக்குத் தெரியாத ஒரு கணம் இருந்தது. பிறகு நீ "பானு" என்று கூப்பிட்டாய், அது போய்விட்டது. இந்தப் பத்தியை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். விட்டால் உன்னிடம் நான் சொல்லும் மற்றது எதுவும் உண்மையாக இருக்காது.

உன் கடிதம் வந்ததும் வார விடுமுறைக்கு இங்கே வந்துவிட்டேன். நேற்று அத்தையும் நானும் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். கேட்டுவிட்டேன்.

"அத்தை, அன்னைக்கி அவரை ஏன் அப்படிக் கேட்டீங்க?"

அவர்கள் கை நிற்கவில்லை. "வாயில வந்துருச்சு கண்ணு. ரத்தத்தப் பாத்ததும் எனக்கு இது எந்த வருசம்னே தெரியல."

"அவர் தூங்கிட்டுதான் இருந்தாருங்க."

"அது எனக்குத் தெரியாதா? அவங்கப்பன் ஒரு நாளும் தூக்கத்துல கை ஓங்கல. நல்லா முழிச்சிக்கிட்டு, சட்டக் கைய மடிச்சி வுட்டுக்கிட்டுதான் வருவான். அடிச்சிட்டு உக்காந்து சோறு துன்னுவான். இவன் முழிச்சதும் அழுதான். இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமயா நான் அந்த ஆளோட குடும்பம் பண்ணேன்?"

ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளிவிட்டு, "நான் அவன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நீ எழுதறப்ப எழுதிடு. எனக்குப் போன்ல சொல்ல வராது" என்றார்கள். எழுதிவிட்டேன்.

இப்போது என் சண்டை. தோள் வலி என்று பொய் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாயே, அது யாருக்காக? என் உதட்டுக்காகவா? என் உதடு உன்னிடம் அப்படிக் கேட்டதா? செப்டம்பரில் "எனக்காகத் தள்ளு" என்று எழுதினேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எனக்காக முட்டவும் வேண்டாம், எனக்காக முட்டாமல் இருக்கவும் வேண்டாம். உன் டிசம்பர் கடிதத்தைப் படித்துப் படித்து மடிப்பு கிழிந்துவிட்டது. அதில் இருந்தவனை எனக்குப் பிடித்திருந்தது. பொறாமையாகக்கூட இருந்தது. என்னைப் பற்றி நீ ஒரு நாளும் அப்படி எழுதியதில்லை. அவன் உன் அப்பா இல்லை, கதிர். உன் அப்பாவை நான் பார்த்ததில்லை, ஆனால் ஒரு பந்துக்காகச் சந்தோஷத்தில் அழுகிறவராக அவர் இருந்திருக்க மாட்டார்.

"நான் நகரவில்லை" என்று எழுதியிருந்தாய். காணும் பொங்கல் அன்றும் நீ நகராமல் இருந்திருக்கலாம். எனக்குக் கோபம் அது ஒன்றுதான்.

உன் முழங்கையைவிட நீ இல்லாததுதான் அதிகமாக வலிக்கிறது. நேற்று உள்ளறையில் தனியாகப் படுத்தேன். பாயில் பாதிக்கு மேல் எதற்கு என்று தெரியாமல் கிடந்தது.

பானு

•

சென்னை
10.3.2025

பானு,

அம்மா சொன்னதாக நீ எழுதியதைப் படித்த அன்று அவளுக்குப் போன் செய்தேன். "சாப்பிட்டியாடா?" என்றாள். "ம்" என்றேன். அவளுக்கு அது போதும்.

மறுநாள் சாரிடம் போய்த் தோள் வலி பொய் என்றேன். "தெரியும். தோள் வலிக்கறவன் சட்டைய அப்படி மாட்ட மாட்டான்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் இறக்கவும் இல்லை.

போன வாரம் சேலத்தில் அழைப்புப் போட்டி. கடைசி ஆட்டத்தில் குரு அண்ணன் தொடங்கினார். பாதியில் நொண்டிக்கொண்டு வந்து என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு உட்கார்ந்தார். இறங்கினேன். முதல் சில நிமிடம் பழையபடி ஒதுங்கி ஒதுங்கித்தான் நின்றேன். பிறகு ஒரு பந்து மேலே எழும்பியது. நானும் எம்பினேன். எம்பியபோது எதிரணிப் பன்னிரண்டாம் நம்பர்காரன் முழங்கையால் என் புருவத்தில் இடித்தான். தெரிந்தே இடித்தான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

இந்த இடத்துக்காகத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன், பானு. இப்போது அவர் வருவார், என் கையை எடுத்துக்கொள்வார் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன். வரவில்லை. பந்து எங்கே என்றுதான் பார்த்தேன். அது என் கையிலேயே இருந்தது.

ரத்தம் வந்தால் வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. பிளாஸ்டர் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினேன். அதற்குப் பிறகு ஒதுங்கவில்லை. அதே பன்னிரண்டாம் நம்பர்காரன் வேகமாக உள்ளே வந்தபோது குறுக்கே போய் நின்று மார்பில் வாங்கினேன். சுவரில் மோதினவன் மாதிரி விழுந்தான். நடுவர் ஃபவுல் கொடுக்கவில்லை. நாங்கள் பந்தை எடுத்துப்போய்ப் போட்டோம். போட்டுவிட்டுத் திரும்பி ஓடும் வழியில் அவனைக் கைகொடுத்துத் தூக்கினேன். சார் பல்லைக் கடித்தார், ஆனால் திட்டவில்லை. கடைசியில் தோற்றோம். ஒரு கூடை வித்தியாசம்.

சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், கேட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் பையோடு உன் அப்பா. ஆட்டம் தொடங்கியதிலிருந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாராம். நீ சொல்லி அனுப்பினாயா, அவராக வந்தாரா, எனக்கு இன்னும் தெரியாது.

"வாங்க மாமா" என்றேன். அவர் நேராகக் கேட்டார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். பானுவ அடிச்சீங்களா?"

"கை பட்டுச்சுங்க மாமா. தூக்கத்துல. ஆனா என் கைதானுங்க. அப்பறம் அங்க நிக்காம ஓடி வந்துட்டேன். அதுதான் தப்பு."

நிறைய நேரம் என் முகத்தையே பார்த்தார். நானும் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அந்தப் பன்னெண்டாம் நம்பர்காரன் வேணும்னேதான் இடிச்சான். நான் பாத்தேன்."

"ஆமாங்க."

"எனக்கே எறங்கி வந்து ரெண்டு போடலாம்னு இருந்துச்சு. நீங்க அவனத் திரும்பிக்கூடப் பாக்கல."

"பந்தப் பாத்தேனுங்க மாமா."

"ம்" என்றார். பிறகு, "வாங்க, டீ குடிக்கலாம்" என்றார். கடையில் இரண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தோம். வெள்ளத்தில் மரவள்ளி அழுகிப்போனதைப் பற்றியே பேசினார். அரூர் பஸ் வந்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். வீட்டு மஞ்சளாம். "புருவத்துக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

நல்ல சேதியை முதலில் எழுதிவிட்டேன். மற்றதையும் எழுத வேண்டும். வேலை குரு அண்ணனுக்கு. வயது போகிறது, அவருக்கு இனி வாய்ப்பில்லை, எனக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களும் கணக்கில் வந்திருக்கும். அண்ணன் என் பக்கம் பார்க்காமல் ஷூவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் போய்க் கையைப் பிடித்தேன். அவருக்காகச் சந்தோஷம்தான். வருத்தம் இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

வீடு இல்லை, பானு. இன்னும் ஒரு வருடம். இதை எழுத வேண்டியிருந்ததால்தான் இந்தக் கடிதம் தாமதம்.

கதிர்

•

சென்னை
5.4.2025

பானு,

பதில் இல்லை. கோபமா? போன் செய்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. சசிகலா அண்ணியிடம் கேட்டேன், அவர்கள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

காலை ஓட்டத்தில் அந்தப் பால் வாசனை இப்போது வருவதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் குடிமாறிவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

கதிர்

•

வத்தல்மலை
18.4.2025

கதிர்,

ஒரு மாதமாக எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுதினால் சொல்லிவிடுவேன், சொன்னால் நீ வேண்டாம் என்பாய்.

வேலை நிரந்தரமானால் வீடு, வீடு கிடைத்தால் நான். இந்த வரிசையை யார் போட்டது? நான்தான் போட்டேன். உன் மார்ச் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்தபோது, இன்னொரு வருடம் இந்த மூடுபனியில் ஏணி தூக்கிக்கொண்டு வருகிறவனையெல்லாம் நீயென்று நினைத்து ஏமாற என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. குருவுக்கு வீடு கிடைத்துச் சென்னைக்கு வந்துவிட்ட சசிகலாவிடம் சொன்னேன். உங்கள் மைதானத்துக்குப் பின் தெருவில் மாடியில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தாள். ஓர் அறைதான். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம், ஜூனில் ஆள் எடுக்கிறார்களாம். நீ கேட்டதற்கு அவள் ஏன் சிரித்தாள் என்று இப்போது புரிந்ததா?

பள்ளி நேற்றோடு முடிந்தது. இனி வர மாட்டேன் என்று அமுதவல்லி மேடத்திடம் சொன்னேன். "நிச்சயமாத்தான் போறியா பானு?" என்றார். "நிச்சயமாங்க மேடம்." நான் கிளம்பும்போது, "அந்த நம்பரக் கிழிச்சுப் போட்டுடாத" என்றார். கிழிக்கவில்லை. எனக்குத் தேவைப்படாது. வேறு யாருக்காவது தேவைப்படும்.

அப்பாவைச் சேலத்துக்கு நான் அனுப்பவில்லை. அவராகத்தான் வந்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நல்லா முட்டறாரு. கோவம் இல்லாம முட்டறாரு." அதன் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். அத்தை வைகாசியில் வந்து ஒரு வாரம் இருப்பார்களாம். உன் ஆட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டுமாம். "கிட்ட உக்கார மாட்டேன், தூரமா உக்காந்து பாக்கறேன்" என்கிறார்கள். தூரமாகவே உட்காரட்டும். பார்க்கட்டும்.

நாளைக் காலை தர்மபுரியில் ரயில் ஏறுகிறேன். தபால் எனக்குப் பின்னால்தான் வரும். நானே வந்து நின்ற பிறகு இது எதற்கு என்று கேட்பாய். நேரில் எனக்குச் சொல்ல வராத ஒன்றுக்காக எழுதுகிறேன். உன் "ம்" வியாதி எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் நாள் மதியம் உன் பக்கத்தில் படுக்க எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். நீ தூங்கப் பயப்படுவாய். இரண்டு பேருக்கும் தூக்கம் வராது. வராவிட்டால் என்ன? விழித்தபடியே படுத்திருப்போம். இத்தனை மாதமாக எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பானு